சைக்கிள் மோதி நடந்து சென்றவருக்குக் காயமா? தமிழ்நாட்டில் சட்டப்படி செய்ய வேண்டியவை

பைக்கோ காரோ மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், அதற்கென்றே வழக்கு நடத்தும் வக்கீல்கள் என்று ஒரு பழகிய பாதை இருக்கிறது. சைக்கிள் மோதினால் அந்தப் பாதை அப்படியே அடைபட்டுவிடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மிதிவண்டி மோட்டார் வாகனமே இல்லை. அதனால் லைசென்ஸ் வேண்டாம், கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு கிடையாது, தீர்ப்பாயத்தில் மனுப் போடவும் முடியாது. காயம்பட்டவர் கேட்கும் பணம் ஓட்டியவரின் சொந்தப் பையிலிருந்துதான் வர வேண்டும். அவர் கொடுக்கவில்லை என்றால் சாதாரண உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

பெரும்பாலும் இரண்டு பக்கமும் வசதியில்லாதவர்கள். ஒருவர் பால் போடுபவராக இருப்பார், இன்னொருவர் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் பாட்டியாக இருப்பார். இவர்கள் இரண்டு மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைவதில் யாருக்கும் பயனில்லை. அதற்காகத் தெருவிலேயே ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்து அனுப்பினாலும் பிரச்சினை தீராது. சிகிச்சையை முழுதாக முடித்து, கணக்குப் போட்டு, எழுத்தில் முடிப்பதுதான் இருவரையும் காக்கும்.

முதல் அரை மணி நேரம்

விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். கூட்டம் முதலில் செய்வது இதைத்தான், அதிகம் கெடுப்பதும் இதுதான். வயதானவர் பக்கவாட்டில் விழுந்திருந்தால் இரண்டு கால்களையும் பாருங்கள். ஒரு கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே தெரியாது. அப்படியே படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். தலை அடிபட்டிருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் அந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு மூளைக்குள் கசிவு மெதுவாக, மணிக்கணக்கில் கழித்துத் தெரியலாம். "நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து நடந்தாலும் ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மன்னிப்புக் கேட்பதில் தவறில்லை. "மன்னிச்சிடுங்க, வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்வதால் வழக்கில் தோற்றுவிட மாட்டீர்கள். ஆனால் சுற்றிலும் செல்போன் வீடியோ ஓடும்போது "முழுத் தப்பும் என்மேல்தான், எவ்வளவு செலவானாலும் நான் பார்த்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யார் மேல் எவ்வளவு தவறு என்பது அந்த நிமிடத்தில் யாருக்கும் தெரியாது. கூட்டம் செல்போனையோ சைக்கிளையோ அசல் ஆதாரையோ பிடுங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தால் 112-க்கு அழைத்து, "காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவிடாமல் தடுக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். காயம்பட்டவரை விட்டு ஓடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. பிறகு யார் பக்கம் நியாயம் இருந்தாலும், ஓடியவர் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை யாராவது ஒருவர் படம் எடுக்கட்டும்:

- சைக்கிள் விழுந்து கிடக்கும் இடமும் சாலையின் ஓரமும் ஒரே படத்தில்
- கடைப் பலகை, மின்கம்ப எண், பேருந்து நிறுத்தம் போல இடத்தைக் காட்டும் அடையாளம்
- முன், பின் பிரேக் கட்டைகள், பிரேக் ஒயர், மணி, விளக்கு, பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான்
- நடைபாதையின் நிலை: கடை ஆக்கிரமிப்பு, நிறுத்திய வண்டி, உடைந்த சிலாப்
- எதிரே உள்ள கேமராக்கள் எந்தக் கட்டிடத்தில் இருக்கின்றன என்பது

பிரேக் படம் ஏன்? மோட்டார் வாகனம் என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, இயந்திரக் கோளாறு இருந்ததா என்று அறிக்கை தருவார். சைக்கிளுக்கு அப்படி யாரும் வருவதில்லை. "பிரேக்கே இல்லாத வண்டி" என்று பிறகு ஒருவர் சொன்னால், அதை நிரூபிக்கவோ மறுக்கவோ அந்தப் படம் ஒன்றுதான் மிஞ்சும். படம் எடுக்காமல் வண்டியை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேமராப் பதிவுக்கு அவசரம் தேவை. கடைகளில் உள்ள பதிவுப் பெட்டி சில நாளிலோ சில வாரத்திலோ பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடும். அன்றைக்கே கடைக்காரரிடம் கேட்டுப் பிரதி வாங்குங்கள். திரையைச் செல்போனில் படம் பிடித்தது போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய அதற்கான சான்றிதழ் வேண்டும். கடைக்காரர் பெயர், பெட்டியின் மாடல், பிரதி எடுத்த தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் வக்கீல் அந்தச் சான்றைத் தயாரிக்க வசதியாக இருக்கும். சைக்கிளில் ஜி.பி.எஸ். மீட்டரோ வேகம் பதியும் செயலியோ இருந்தால் அந்தப் பயணத்தை அழித்துவிடாதீர்கள். பதிவு உங்களுக்கு எதிராகவே இருந்தாலும், அழித்தது தெரிந்தால் அதைவிட மோசமாகப் போகும்.

ஆஸ்பத்திரியில் எழுதப்படும் ஒரு வரி

இந்த விஷயம் முழுவதிலும் மிக முக்கியமான காகிதம் ஏ.ஆர். காப்பி, அதாவது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். பணியில் இருக்கும் மருத்துவர் நேரம், அழைத்து வந்தவர் பெயர், நினைவு இருந்ததா, எங்கெங்கு என்ன அளவில் காயம் என்பதோடு, "எப்படி ஆனது" என்று ஒரு வரி எழுதுவார். பிற்பாடு போலீஸ், வக்கீல், நீதிபதி, இன்சூரன்ஸ் ஆள் எல்லோரும் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

பதற்றத்தில் இருக்கும் உறவினர் "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சொன்னால் அதுவே பதிவாகும். மூன்று நாள் கழித்து "சைக்கிள் மோதியது" என்று புகார் கொடுத்தால், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. ஆகவே காயம்பட்டவரோ கூட வந்தவரோ "இன்ன நேரத்தில், இன்ன தெருவில், நடந்து போகும்போது சைக்கிள் மோதி விழுந்தார்" என்று தெளிவாகச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்டு "அடையாளம் தெரியாத பைக்" என்று மாற்றிச் சொல்லும்படி சிலர் யோசனை தருவார்கள். அது மோசடி. காயம்பட்டவர், சொல்லிக் கொடுத்தவர், பொய்ச் சாட்சி எல்லோரும் சிக்குவார்கள்.

உண்மையிலேயே ஒரு பைக் உரசியதாலோ ஆட்டோ திடீரென ஒடித்ததாலோ சைக்கிள் தடுமாறி நடப்பவர்மேல் மோதியிருந்தால் கதை வேறு. அப்போது விபத்துக்குக் காரணம் மோட்டார் வாகனம். அந்த வண்டியின் எண் கிடைத்தால் நடந்தவர், சைக்கிள்காரர் இருவருமே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதனால் கண்ணில் பட்ட வண்டி எண்ணை உடனே எழுதி வையுங்கள்.

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போனால், அது இத்திட்டத்தில் சேர்ந்ததா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்துக்கு மட்டுமே. சைக்கிள் மட்டும் மோதியதற்கு அது பொருந்தாது.

சிறு காயமா, கொடுங்காயமா?

ரத்தம் கொட்டுவதை வைத்துச் சட்டம் இதை முடிவு செய்வதில்லை. நெற்றி கிழிந்து ஏழு தையல் போட்டாலும் அது சாதாரணக் காயமாகவே இருக்கலாம். ஆனால் பல் ஒன்று உடைந்தாலோ, சுண்டுவிரல் எலும்பில் விரிசல் விழுந்தாலோ, தோள்மூட்டு நழுவினாலோ அது கொடுங்காயம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு எலும்போ பல்லோ முறிவதையும் நழுவுவதையும் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. 15 நாள் கடும் வலியில் இருந்தாலும், அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் அதுவே. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

இதைப் பொறுத்துத்தான் வழக்கின் பிரிவு மாறும்:

- பிரிவு 281: பொதுச் சாலையில் அசட்டையாகவோ கண்மூடித்தனமாகவோ ஓட்டுவது. 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தில் "எந்த வாகனமும்" என்று இருப்பதால் சைக்கிளும் அடங்கும்.
- பிரிவு 125(அ): அசட்டையால் காயம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
- பிரிவு 125(ஆ): அசட்டையால் கொடுங்காயம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மூன்றுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை, காவல் நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். முதல் நாள் 125(அ)-வில் பதிந்த வழக்கு, எக்ஸ்ரே பார்த்த பிறகு 125(ஆ) ஆவது சாதாரணம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர் படுக்கையில் கிடந்து, அதனால் வந்த சிக்கலில் வாரங்கள் கழித்து இறந்துபோனால், வழக்கு 106(1)-க்கு மாற்றப்படலாம். அதில் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. எலும்பு முறிவு என்று தெரிந்த அன்றே ஒரு குற்றவியல் வக்கீலைப் பார்ப்பது நல்லது.

நடந்து வந்தவருக்கும் 125 பொருந்தும். பேருந்து நிற்கும் முன்பே செல்போனைப் பார்த்தபடி குறுக்கே இறங்கி, அதனால் சைக்கிள்காரர் விழுந்து காறை எலும்பு முறிந்தால், அவரும் புகார் கொடுக்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம்.

காவல் நிலையத்தில்

மருத்துவமனையே நிலையத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். அதற்காகக் காத்திருக்காமல் நீங்களே போய் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. மனு வந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் புகார்தாரருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

புகாரில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்து" என்ற தேய்ந்த வாசகம் சைக்கிள் வழக்கில் எடுபடாது. "தெற்கிலிருந்து வடக்கே, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்தார், மணி அடிக்கவில்லை, விளக்கு இல்லை, கையில் போன் இருந்தது" என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால்தான் அசட்டை என்பது உருவாகும்.

புகார் உங்கள்மேல் என்றால், விசாரணையில் போலீசார் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35(3)-இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால் தவறாமல் போங்கள். போகாமல் இருந்தால்தான் கைதுக்கு வழி திறக்கும். சைக்கிளைப் பிடித்து வைத்திருந்தால், மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். அதற்காக சைக்கிள் வாங்கிய பில்லையும் சட்டக எண்ணையும் எடுத்து வையுங்கள்.

காலம் கடத்தினாலும் கை நழுவும். 281, 125(அ) வழக்குகளை நீதிமன்றம் ஓராண்டுக்குள் கோப்பில் எடுக்க வேண்டும். 125(ஆ) என்றால் 3 ஆண்டு.

அடுத்து, பலரும் விழும் குழி. "கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கட்டிவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும்" என்பார்கள். அன்றைக்கு முடிவது உண்மைதான். ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. அரசு வேலைக்கான காவல் சரிபார்ப்பில் அதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஒப்புதலை எதிர்த்தரப்பு நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிராகவே காட்டலாம். உண்மையிலேயே தவறு உங்களுடையது என்றால் ஒப்புக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் முழு விளைவையும் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு செய்யுங்கள்.

யார் மேல் தவறு?

நீதிமன்றம் கேட்பது ஒரே கேள்வி: அந்த இடத்தில், அந்த நேரத்தில், நிதானமுள்ள ஒருவர் எப்படி ஓட்டியிருப்பார், எப்படி நடந்திருப்பார்? இதற்குக் கொஞ்சம் கணக்குத் தெரிந்திருந்தால் வாதம் தெளிவாகும்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் 5.6 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்து விரல் பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும். அதன்பின் நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றால் இன்னும் ஏறக்குறைய 4 மீட்டர். மொத்தம் 9 மீட்டருக்கு மேல். அதே சைக்கிள் 12 கி.மீ. வேகத்தில் வந்தால் மொத்தமே 5 மீட்டருக்குள் நின்றுவிடும். மழையில் நனைந்த ரிம் பிரேக் என்றால் இரண்டுமே நன்றாகக் கூடும்.

இதை மாநகரப் பேருந்து நிறுத்தத்தில் வைத்துப் பாருங்கள். பேருந்து நிறுத்தக் குழிவுக்குள் வராமல் சாலையிலேயே நிற்கிறது. அதன் இடப்பக்கம், பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள ஒன்றரை மீட்டர் இடைவெளியில் சைக்கிள் நுழைகிறது. படியிலிருந்து இறங்கும் பெண்ணின் பையில் ஹேண்டில்பார் முனை மாட்டுகிறது. இறங்குபவர் 2 மீட்டருக்குள் திடீரென வருவார் என்பது எந்த ஓட்டுநருக்கும் தெரிந்த விஷயம். அங்கே நின்றிருக்க வேண்டும், அல்லது இறங்கித் தள்ளியிருக்க வேண்டும். இங்கே முழுப் பொறுப்பும் ஏறத்தாழ சைக்கிள்மேல்தான் வரும்.

மாறாக, சாலையில் தன் ஓரத்தில் நேராக வந்துகொண்டிருந்த சைக்கிளின் முன், நிறுத்திய வேனுக்குப் பின்னாலிருந்து ஒருவர் 3 மீட்டர் தூரத்தில் ஓடி வந்தால் 12 கி.மீ. வேகத்திலும் நிறுத்த முடியாது. அங்கே பொறுப்பு பெரும்பாலும் அவர்மேல் விழும்.

நடைபாதையில் ஓட்டி மோதியவருக்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை. சாலையில் போக்குவரத்து பயங்கரமாக இருக்கிறது என்பது உண்மை. அதற்காக நடைபாதையில் ஏறினால் நடப்பவர் வேகத்தில் போக வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். தடையற்ற நடைபாதை அரசியலமைப்பு 21-ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது.

இருவர்மேலும் தவறு என்றால் சதவீதமாகப் பிரிப்பார்கள். காயம்பட்டவர்மேல் 25 சதவீதம் என்றால் நஷ்டஈட்டில் அவ்வளவு குறையும். "அந்தம்மாவுக்கு எலும்பு ஏற்கெனவே பலவீனம், வேறு யாராயிருந்தாலும் உடைந்திருக்காது" என்ற வாதம் மட்டும் செல்லாது. மோதப்பட்டவர் எந்த உடல்நிலையில் இருந்தாரோ அதற்கான விளைவுக்கே மோதியவர் பொறுப்பு.

பேட்டரி சைக்கிள் என்றால் முதலில் மோட்டாரைப் பாருங்கள்

மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்டு, மத்திய மோட்டார் வாகன விதிகள் 2(யு) சொல்லும் நிபந்தனைகளில் அடங்கினால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் சாதாரண சைக்கிளில் 350 வாட் கிட் பொருத்தியிருந்தாலோ, வேகக் கட்டுப்பாட்டு ஒயரைக் கழற்றிவிட்டிருந்தாலோ, அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடும். அப்போது காயம்பட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இன்சூரன்ஸ் இல்லாததால் மொத்தத் தொகையும் உரிமையாளர் தலையில் விழும். மோட்டாரின் பெயர்ப் பலகையை விபத்து நாளிலேயே படம் எடுங்கள்.

எவ்வளவு கேட்பது, எவ்வளவு கொடுப்பது

சைக்கிள் விபத்துக்கென்று தனி அட்டவணை எதுவும் இல்லை. மோட்டார் விபத்து வழக்குகளில் நீதிமன்றங்கள் பார்க்கும் தலைப்புகளையே வைத்துக்கொள்வது வழக்கம்: மருத்துவச் செலவு, போக்குவரத்து, கூட இருந்து பார்த்தவர் செலவு, வருமான இழப்பு, வலி வேதனை, நிரந்தரக் குறைபாடு இருந்தால் அதற்கானது.

எடுத்துக்காட்டாக, 52 வயதில் பூ விற்கும் ஒரு பெண்ணுக்கு வலது மணிக்கட்டு முறிவு. 6 வாரம் மாவுக்கட்டு, 2 வாரம் பிசியோதெரபி என்று வையுங்கள்.

- எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து, பிசியோதெரபி: ரூ. 11,400
- ஆட்டோ, 8 நடை, நடைக்கு 180: ரூ. 1,440
- 56 நாள் வருமானம், நாளுக்கு 500: ரூ. 28,000
- வீட்டு வேலைக்கு ஆள், 42 நாள், நாளுக்கு 150: ரூ. 6,300

கூட்டினால் 47,140. வலி வேதனைக்கு 20,000 என்று பேசி முடித்தால் 67,140. அவர்மேல் கால் பங்கு தவறு என்று இருவரும் ஒப்புக்கொண்டால் 16,785 போக 50,355. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்திருந்தால் முதல் வரி மட்டும் குறையும், மற்றவை அப்படியே நிற்கும். "ஜி.எச்.சில்தானே பார்த்தாங்க, என்ன செலவு" என்று கேட்பது நியாயமில்லை. பூக்கடை 56 நாள் மூடியிருந்தது.

அன்றாடம் சம்பாதிப்பவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. மொத்த வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டு, யு.பி.ஐ. வரவுப் பட்டியல், பக்கத்துக் கடைக்காரரின் வாக்குமூலம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

ராஜி எழுதும் முறை

சிகிச்சை முடியும் முன் இறுதித் தொகை பேசாதீர்கள். அதுவரை செலவாகச் செலவாக முன்பணமாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ அனுப்பி, குறிப்பில் "மருத்துவ முன்பணம்" என்று எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தது பிறகு எங்கேயும் தெரியாது.

ஒப்பந்தத்தின் மையப் பகுதி இப்படி இருக்கலாம்:

"மேற்படி தேதியில், மேற்படி இடத்தில், இரண்டாம் நபர் ஓட்டி வந்த சைக்கிள் பட்டதில் முதல் நபராகிய எனக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு ஏற்பட்டுச் சிகிச்சை முடிந்துவிட்டது. மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலி வேதனை உள்ளிட்ட எல்லா இழப்புக்கும் முழுத் தீர்வாக, முன்பணம் ரூ. ….. உட்பட மொத்தம் ரூ. ….. வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டேன். இச்சம்பவம் தொடர்பாக இனி எவ்விதத் தொகையும் கோரமாட்டேன். இதை முழுதாக வாசிக்கக் கேட்டு, என் சுய விருப்பத்தில் கையெழுத்திட்டேன்."

முத்திரைத்தாளில் எழுதி, இருவரும், இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். கைநாட்டு வைப்பவர் என்றால் வாசித்துக் காட்டியவர் பெயரும் இருக்கட்டும். மருத்துவரின் கடைசிச் சீட்டு நகலை இணையுங்கள்.

"போலீசில் புகார் கொடுக்காமல் இருப்பதற்காக இந்தப் பணம்" என்று மட்டும் எழுதக் கூடாது. குற்ற வழக்கை அமுக்குவதற்காகச் செய்த ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. அந்த ஒரு வரி முழுக் காகிதத்தையும் கெடுத்துவிடும்.

எஃப்.ஐ.ஆர். ஏற்கெனவே பதிந்திருந்தால் ராஜிப் பத்திரம் மட்டும் போதாது. 125-இன் காயப் பிரிவுகளை, காயம்பட்டவர் சம்மதத்தோடும் நீதிமன்ற அனுமதியோடும் சமரசம் செய்யலாம். 281-ஐச் சமரசம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. அதையும் சேர்த்து முடிக்க உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 528-இன்கீழ் ரத்து மனுப் போட வேண்டியிருக்கும்.

பேச்சு முறிந்தால்

உடனே வழக்குப் போடும் முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனுக் கொடுங்கள். அது பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்குக்கு முந்தைய மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு முடித்தால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பணம் கொடுக்கவில்லை என்றால் நேராக நிறைவேற்று மனுப் போடலாம். வெறும் ராஜிப் பத்திரத்தைவிட இது பல மடங்கு வலுவானது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி 15100.

அதுவும் பலிக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு வழக்கு. விபத்து நடந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். இறப்பு நேர்ந்திருந்தால் குடும்பத்தாருக்கு 2 ஆண்டுதான். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், ஒரு லட்சத்துக்கு 3,000 ரூபாய். வாய்க்கு வந்தபடி ஐந்து லட்சம் என்று கேட்டால் கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

சம்மன் வந்தவர் அதை வாங்காமல் ஒளிந்துகொள்வதைப்போல் வீணான வேலை வேறில்லை. 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகி, கேட்ட தொகை அப்படியே கிடைத்துவிடக்கூடும். அதை ரத்து செய்யக் கோரவும் 30 நாள்தான்.

ஓட்டியது மாணவர் என்றால்

அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியில் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஏராளம். 18 வயது நிரம்பாதவர் மோதியதில் காயம் என்றால், இளைஞர் நீதிச் சட்ட விதிகளின்படி இப்படிப்பட்ட சிறு குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். பதியக் கூடாது. பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையை நிலையத்தில் உட்கார வைத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பெற்றோர் என்பதற்காக மட்டும் நஷ்டஈட்டுப் பொறுப்பு வராது. பிரேக் இல்லை என்று தெரிந்தும் வண்டியைக் கொடுத்தனுப்பினால் அது பெற்றோரின் சொந்த அசட்டை. புது வண்டி கைக்கு வந்ததும் பக்கத்துச் சைக்கிள் கடையில் பிரேக் ஒயரை இறுக்கி, கட்டை ரிம்மில் சரியாகப் பதிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டக் கொடுக்க வேண்டும். காயம்பட்டது சிறு பிள்ளை என்றால், வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதியில்லாமல் பெற்றோர் ராஜி செய்ய முடியாது.

வேலை நேரத்தில் ஓட்டியவர், அதாவது பேப்பர், பால், தண்ணீர் கேன், கூரியர், உணவு டெலிவரி ஆட்கள் என்றால், வேலைக்கு வைத்தவரையும் எதிர்வாதியாகச் சேர்க்கலாம். வேலையின்போது நடந்ததற்கு முதலாளியும் பொறுப்பு. செயலி நிறுவனங்கள் "அவர் எங்கள் ஊழியர் இல்லை, பங்குதாரர்" என்று வாதிடும். அந்த நேரத்தில் ஆர்டர் கையில் இருந்ததைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் அதனால்தான் தேவை.

காப்பீடு

20 ரூபாய் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் விபத்து இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான். மாவுக்கட்டுச் செலவு அதில் கிடைக்காது, நீங்கள் மோதியவருக்கும் அது எதுவும் தராது. விலையுயர்ந்த சைக்கிளுக்குக் காப்பீடு எடுக்கும்போது, திருட்டுக்கும் சேதத்துக்கும் மட்டுமா, மூன்றாம் நபர் காயப் பொறுப்பும் உண்டா என்று பத்திரத்தில் தேடிப் படியுங்கள். சில வீட்டுக் காப்பீடுகளில் பொதுப் பொறுப்பு என்று ஒரு பகுதியைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம். அது வீட்டுக்கு வெளியே சாலையில் நடப்பதற்கும் பொருந்துமா என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படி ஏதாவது இருந்தால், விபத்து நடந்த அன்றே கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கம்பெனியைக் கேட்காமல் நீங்களாகத் தொகை ஒப்புக்கொண்டுவிட்டால் அதையே காரணம் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள்.